எங்கள் லீக்கின் புகழ் மண்டபமும் நான் போடாத ஒரு ஓட்டும்



சுவரிதழுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தமிழ் ஐயா கேட்டபோது, வழக்கம்போல 'மரம் வளர்ப்போம்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 2025 ஜூலையிலிருந்து ஒரு விஷயம் மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. நேரில் சொல்ல தைரியம் வரவில்லை. எழுதினால் வரும்போலிருக்கிறது. அதனால் மரத்தை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒரு முன்னறிவிப்பு. இந்தக் கட்டுரையில் வரும் ஆட்டங்கள் எல்லாம் இடைவேளையில் ஆடியவை. (சில ஆட்டங்கள் மட்டும்... சரி, விடுங்கள்.)

நான் சொல்லப்போவது புக் கிரிக்கெட். தெரியாதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள், இருந்தாலும் எங்கள் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊருக்கு ஊர் விதி மாறும். புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 2, 4, 6 வந்தால் அதே ரன். 8 வந்தால் 1 ரன். 0 வந்தால் அவுட். ஜோடி எல்லாம் கிடையாது. ஒருத்தர் அவுட்டானால் அடுத்தவர் வருவார், 11 பேரும் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது.

நாங்கள் ஆரம்பித்தது 2021 நவம்பரில். ஏழாம் வகுப்பு. கொரோனா முடிந்து 1ஆம் தேதிதான் எங்களுக்குப் பள்ளி திறந்தார்கள். ஆறாம் வகுப்பு முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியிலேயே போய்விட்டது. திரும்பி வந்தால் முகக்கவசம், ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர், விளையாட்டுப் பீரியட் இல்லை. வெளியில் போய் ஆடலாம் என்றால், நாங்கள் சின்ன வயசில் ஆடிய இடத்தில் பாதிக்குக் காம்பவுண்ட் சுவர் வந்துவிட்டது. ஒரகடம் பக்கம் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நேற்று காலியிடம், இன்றைக்குக் கம்பி வேலி, அடுத்த வருஷம் கம்பெனி பஸ் நிற்கும்.

அதனால் புத்தகத்துக்குள் ஆடினோம். ஆறு பேர், ஆறு டீம். ஒரகடம் (என்னுடையது), மாத்தூர், வல்லம், படப்பை, சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை. ஒவ்வொரு டீமும் மற்ற டீமோடு இரண்டு முறை மோதும். ஒரு வருஷத்துக்கு 30 ஆட்டம், பிறகு இறுதிப் போட்டி. ஏழாவதிலிருந்து பத்தாவது வரை நான்கு சீசன். எல்லா ஸ்கோரும் நான்கு நோட்டில் இருக்கிறது. ஸ்கோரர் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. (தமிழ் ஐயா இதைப் படித்துச் சிரிக்கக் கூடாது.)

வீரர்களைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். டெண்டுல்கர், தோனி, அஸ்வின், முரளிதரன் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். படப்பை டீம் ஒரு பெண்ணுடையது. ஆம்பளைங்க பேரா எழுதி வச்சிருக்கீங்க என்று சண்டை போட்டு மிதாலி ராஜையும் திருஷ் காமினியையும் சேர்க்க வைத்தாள். திருஷ் காமினி யார் என்று நாங்கள் முழித்தோம். பெண்கள் உலகக் கோப்பையில் முதன்முதலாகச் சதம் அடித்த இந்தியர், 2013இல், நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணு என்று சொல்லி எங்கள் முகத்தில் கரியைப் பூசினாள்.

11ஆவது இடம் மட்டும் 'சொந்த ஆள்'. யாரை வேண்டுமானாலும் போடலாம். நான் என்னையே போட்டுக்கொண்டேன். படப்பைக்காரி அவள் பாட்டியைப் போட்டாள். இருங்காட்டுக்கோட்டைக்காரன் நம்ம பி.டி. சாரைப் போட்டான். (சார், மன்னிக்கணும். நான்கு வருஷத்தில் உங்கள் சராசரி 8. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, புத்தகம் அப்படித் திறந்தது.) மாத்தூர்க்காரன் அவன் அப்பாவைப் போட்டான். நோட்டில் பெயர் எழுதவில்லை. 'அப்பா' என்றுதான் எழுதச் சொன்னான். அப்படியே நான்கு வருஷமும் எழுதினேன்.

மாத்தூர்க்காரனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் சொந்த ஊர் வந்தவாசி பக்கம் ஒரு கிராமம். அப்பா இங்கே ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தார். மாத்தூரில் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவருக்கு முக்கால்வாசி நாள் நைட் ஷிஃப்ட். இவன் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் ஐ.டி. கார்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வருவார். வந்ததும் முதல் கேள்வி, "நேத்து நான் எவ்ளோ அடிச்சேன்?" இவன் 22 என்றால், "பரவால்லையே" என்பார். டக் அவுட் என்றால், "தூக்கக் கலக்கத்துல ஆடியிருப்பேன்டா" என்பார். இதை அவன் தினமும் வந்து எங்களிடம் நடித்துக் காட்டுவான்.

நாங்கள் ஆடிய புத்தகமும் அவருடையதுதான். பழைய லிஃப்கோ டிக்‌ஷனரி. மேலட்டை கிடையாது, முதல் சில பக்கமும் கிடையாது. பாடப்புத்தகம் மெலிசாக இருப்பதால் ஒரே பக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று அவன் வீட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தான். அதன் முதுகு நடுவில் ஒரு இடத்தில் உடைந்திருக்கும். இந்த உடைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புகழ் மண்டபத்துக்கு வருவோம்.

என் மாமா ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஒரு ஜப்பான் சாருக்குக் கார் ஓட்டுகிறார். 2025 ஜனவரி 22 காலையில் அந்தச் சார் ஏகப்பட்ட சந்தோஷத்தில் இருந்தாராம். என்ன சார் விசேஷம் என்று கேட்டதற்கு, "இச்சிரோ, இச்சிரோ" என்றாராம். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை, வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். நான் தேடிப் படித்தேன். இச்சிரோ சுசுகி ஜப்பான்காரர். பேஸ்பால் ஆட்டக்காரர். 2001இல் அமெரிக்காவுக்குப் போய் சியாட்டில் அணியில் ஆடியவர். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் பேஸ்பால் புகழ் மண்டபம் ஒன்று இருக்கிறது. அதற்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆசியாவில் பிறந்த ஒருவர் அங்கே போவது அதுதான் முதல் தடவை.

அங்கே தேர்ந்தெடுக்கும் முறைதான் எனக்குப் பிடித்தது. 10 வருஷமாவது பேஸ்பால் பற்றி எழுதிய பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஆட்டக்காரர் ஓய்வு பெற்று 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும். 100க்கு 75 பேர் சரி என்றால் உள்ளே. 74 என்றால் வெளியே, அடுத்த வருஷம் பார்க்கலாம். இச்சிரோவுக்கு 394 பேரில் 393 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஒரே ஒருத்தர் போடவில்லை! அது யார் என்று இன்னமும் வெளியே வரவில்லை. இதை வகுப்பில் சொன்னதும் எல்லாரும் அந்த ஒருத்தரைத் திட்டினார்கள். ரொம்பத் திட்டியது நான்தான்.

கிரிக்கெட்டுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. 2009 ஜனவரியில் ஐ.சி.சி. ஆரம்பித்தது. முதல் பட்டியலில் 55 பேர், அதில் இந்தியர் மூன்று பேர்: பேடி, கவாஸ்கர், கபில்தேவ். முரளிதரன் 2016இல் போனார், டெண்டுல்கர் 2019இல், தோனி 2025இல். நம்ம அஸ்வின் டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர், ஆனால் ஓய்வு பெற்றது 2024 டிசம்பரில்தான். அங்கேயும் 5 வருஷக் கணக்கு உண்டு, பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

"நம்ம லீக்குக்கும் ஒண்ணு வைப்போம்டா" என்று குதித்தது மாத்தூர்க்காரன்தான். விதியும் அவனே எழுதினான். பத்தாவது முடிந்ததும் லீக் முடிகிறது, அதனால் எல்லா வீரரும் ஓய்வு பெற்றதாகக் கணக்கு. ரகசிய ஓட்டு. சொந்த டீம் ஆளுக்கு ஓனர் ஓட்டுப் போடக் கூடாது. மீதி ஐந்து பேரில் நான்கு பேர் சரி என்றால் உள்ளே. மண்டபம் எங்கே? நான்காவது நோட்டின் பின்னட்டை உள்பக்கம். கூப்பர்ஸ்டவுனில் வெண்கலப் பட்டயத்தில் முகத்தைச் செதுக்கி வைக்கிறார்கள். எங்களிடம் ஜிகினா பேனா இருந்தது.

ஓட்டு நடக்கும் முன் நடந்த வாக்குவாதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் சண்டை டெண்டுல்கர் பற்றி. எங்கள் லீக்கில் அவர் 40 இன்னிங்ஸில் 372 ரன். சராசரி பத்துகூட வரவில்லை. ஆனால் வல்லம் டீமின் நடராஜன், நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், 40 இன்னிங்ஸில் 720 ரன். நிஜத்தில் அவர் கடைசியில் இறங்குகிற பந்துவீச்சாளர். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடக் கூட்டிப் போனவர், 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் நடுவில் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானவர். எங்கள் லீக்கில் அவர் ஒரு டான் பிராட்மேன்! அதேபோல சுங்குவார்சத்திரத்துக்கு ஓப்பனிங் பேட்ஸ்மேன் யார் தெரியுமா? முரளிதரன். டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தவரை அவன் தொடக்க ஆட்டக்காரர் ஆக்கினான். 41 இன்னிங்ஸ், 697 ரன்.

"டெண்டுல்கர் இல்லாம ஒரு புகழ் மண்டபமா? சிரிப்பாங்க" என்றான் ஒருத்தன். "வெளியில அவர் கடவுளா இருக்கலாம், இந்த டிக்‌ஷனரிக்குள்ள என்ன அடிச்சாரு, அதைப் பேசு" என்றாள் படப்பைக்காரி. எனக்கு அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. நோட்டில் இருப்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியில் வாங்கிய பெயரை உள்ளே கொண்டுவரக் கூடாது. டெண்டுல்கருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. அது யார் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த சண்டை, மொத்த ரன்னா, சராசரியா? முதலில் இறங்குகிறவருக்கு எல்லா ஆட்டத்திலும் பேட்டிங் வரும். 11ஆவது ஆளுக்கு அப்படி இல்லை. இரண்டாவதாக ஆடும்போது முன்னால் இருப்பவர்களே ஜெயித்துவிட்டால் அவர் இறங்கவே மாட்டார். 'அப்பா' நான்கு சீசனிலும் சேர்த்து 31 முறைதான் இறங்கினார். 589 ரன். வகுத்துப் பாருங்கள், சரியாக 19. லீக்கில் இருந்த 66 பேரில் அதுதான் அதிக சராசரி. நிஜ வீரர்களை எல்லாம் தாண்டி, காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒரு மனிதர் முதலிடத்தில் நின்றார்.

இனிமேல்தான் என் கதை.

நான்காவது சீசன் இறுதிப் போட்டி, 2025 பிப்ரவரி. ஒரகடம், மாத்தூர். நான்கு வருஷத்தில் என் டீம் இறுதிக்கு வந்தது அந்த ஒருமுறைதான். மாத்தூருக்குக் கடைசி ஆள் இறங்கும்போது இன்னும் 44 ரன் வேண்டும். கப் என் கையில் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். (கப் என்றால் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடிதான்.) மாத்தூர்க்காரன் டிக்‌ஷனரியை நெஞ்சோடு ஒருமுறை வைத்துவிட்டுத் திறந்தான். 4, 2, 1. பிறகு 6. 6. 6. 6. வகுப்பே எழுந்து நின்று கத்தியது. 4, 2, 4, 4. அப்பா 45 நாட் அவுட். மாத்தூர் ஜெயித்தது.

நான் ஸ்கோரர். எழுதித்தான் ஆக வேண்டும். நான்கு ஆறும் எழுதினேன். எழுதிவிட்டு, யாருக்கும் தெரியாமல், அந்த நான்கு ஆறுக்கும் மேலே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன்.

புள்ளிக்கு அர்த்தம் எனக்கு மட்டும் தெரியும். அந்த உடைந்த இடத்தில் டிக்‌ஷனரி தானாகவே திறக்கும். அந்தப் பக்க எண் 6இல் முடியும். அவன் வேண்டுமென்றே கட்டைவிரலை அங்கே கொண்டுபோகிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். புள்ளி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

பொதுத் தேர்வு முடிந்தது. மே மாதம் அவன் அப்பாவின் காண்ட்ராக்ட் முடிந்தது, குடும்பத்தோடு ஊருக்குப் போனார்கள். போகும்போது டிக்‌ஷனரியை என்னிடம் கொடுத்தான். "ஸ்கோரர்கிட்டதான் இருக்கணும்" என்றான். அவன் ஓட்டை ஜூலையில் போனில் படப்பைக்காரியிடம் சொல்வதாக ஏற்பாடு.

ஜூலையில் ஓட்டெடுப்பு. ஜியாமெட்ரி பாக்ஸில் மடித்த சீட்டுகள். நடராஜனுக்கு 5க்கு 5. முரளிதரன் 4. திருஷ் காமினி 4. மூன்று பேரும் உள்ளே. அப்பாவுக்கு 3.

இரண்டு பேர் போடவில்லை. ஒருத்தர் யார் என்று இன்றுவரை தெரியாது. 'சொந்த ஆளை' நிஜ வீரர்களோடு சேர்க்கக் கூடாது என்று வாதாடியவர்களில் ஒருத்தராக இருக்கலாம். இன்னொருத்தர் நான். நான் போட்டிருந்தால் 4. உள்ளே.

அவனுக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யாருடா அந்த ரெண்டு பேரு?" என்றான். "ரகசிய ஓட்டுன்னு நீதானடா விதி போட்ட" என்றேன். சிரித்தான். "தெரிஞ்சா சொல்லு, ஊருக்குக் கூட்டிட்டு வந்து எங்க கேணியில தள்ளிவிடறேன்" என்றான். பின்னால் அவன் அப்பா குரல், "என்னடா ஆச்சு?" இவன், "ஒண்ணுமில்லப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க." அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

அதே ஜூலை 27ஆம் தேதி கூப்பர்ஸ்டவுனில் இச்சிரோ மண்டபத்துக்குள் போகிற விழா. தனக்கு ஓட்டுப் போடாத அந்த ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிடுவதாக ஜனவரியில் அவர் சொல்லியிருந்தார், ஒன்றாக உட்கார்ந்து குடிக்கலாம் என்று. (நமக்கு டீ போதும்.) விழாப் பேச்சில், அந்த அழைப்பு இப்போது காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். மாமா சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மாதமாகத் தொடாத டிக்‌ஷனரியை எடுத்தேன். கண்ணை மூடி 100 தடவை திறந்து எழுதினேன். 0 வந்தது 19. 2 வந்தது 20. 4 வந்தது 19. 6 வந்தது 23. 8 வந்தது 19. உடைந்த இடத்தில் 6 தடவை திறந்தது. சரி, ஆறு கொஞ்சம் அதிகம்தான், சொன்னேனே என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அந்த டிக்‌ஷனரியில்தானே எல்லோரும் ஆடினோம்? நானும் அதே உடைந்த முதுகைத்தானே பிடித்துத் திறந்தேன்?

மறுநாள் நான்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு கணக்கு டீச்சரிடம் போனேன். திட்டுவார்கள் என்று பயந்தேன். டீச்சர் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு டீம் சராசரியா எவ்ளோ அடிக்குது?" என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். "143 பக்கம் இருக்கும் பாரு" என்றார்கள். கூட்டிப் பார்த்தால் அதைச் சுற்றித்தான் இருந்தது! எனக்கு மாயாஜாலம் மாதிரி இருந்தது.

டீச்சர் விளக்கியது இதுதான். வரக்கூடிய இலக்கம் ஐந்து: 0, 2, 4, 6, 8. ஐந்து தடவை திறந்தால் சராசரியாக ஒவ்வொன்றும் ஒருமுறை வரும். அதில் ஒன்று அவுட். மற்ற நான்கும் 2, 4, 6, 1. கூட்டினால் 13. ஆக ஒருவர் அவுட் ஆவதற்குள் சராசரியாக 13 ரன். 11 பேருக்கு 143. டெண்டுல்கராக இருந்தாலும் 13, பாட்டியாக இருந்தாலும் 13, பி.டி. சாராக இருந்தாலும் 13. இறங்குவது யார் என்று டிக்‌ஷனரிக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 1961இல் விற்பனைக்கு வந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்று ஒரு பேஸ்பால் ஆட்டம் உண்டு, பகடை போட்டு ஆடுவது. அதில் ஒவ்வொரு வீரருக்கும் தனி அட்டை. அவர் நிஜத்தில் அடித்ததைக் கணக்குப் போட்டு அந்த அட்டையைத் தயாரிப்பார்கள். நல்ல ஆட்டக்காரர் அங்கேயும் நன்றாகத்தான் ஆடுவார். எங்கள் ஆட்டத்தில் அட்டையே கிடையாது. எல்லாம் அதிர்ஷ்டம்.

"அப்படின்னா 19 எப்படி மிஸ் வரும்?" என்று கேட்டேன். டீச்சர் என்னை ஹை-டெக் லேபுக்குக் கூட்டிப்போனார்கள். எக்செல்லில் 66 வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் 40 இன்னிங்ஸ், எங்கள் விதிப்படியே. எஃப்9 அமுக்கினால் நான்கு சீசனும் புதிதாக ஆடி முடித்துவிடும். நாங்கள் நான்கு வருஷம் ஆடியதை அது கண் சிமிட்டுவதற்குள் ஆடியது! முதல் தடவை அதிக சராசரி 18.4. அடுத்து 19.7. அடுத்து 18.1. டீச்சர் அமுக்க அமுக்க யாராவது ஒருத்தர் 19 பக்கத்தில் வந்து நின்றுகொண்டே இருந்தார். கீழே யாராவது ஒருத்தர் 8 பக்கத்தில் கிடந்தார். "66 பேர் ஆடினா ஒருத்தர் அங்க இருந்தே ஆகணும்பா. உங்க லீக்ல அது இவர்" என்றார்கள். அப்பாவுக்கு இன்னிங்ஸ் குறைவு, அதனால் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகமாகவே இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

"நாலு ஆறு தொடர்ச்சியா வருமா மிஸ்?"

"நோட்டு உன்கிட்டதானே இருக்கு. எண்ணிப் பாரு."

அன்று ராத்திரி எண்ணினேன். நான்கு நோட்டிலும், நான்கோ அதற்கு மேலோ ஆறு தொடர்ச்சியாக வந்த இடங்கள் 17. அப்பாவுடையது அதில் ஒன்று. முரளிதரன் இரண்டு முறை அடித்திருக்கிறார். என் ஒரகடம் டீமில் மூன்று இருந்தன. அதில் ஒன்று நான், அதாவது 11ஆவது ஆளான நானே அடித்தது. எட்டாம் வகுப்பில். அன்றைக்கு பெஞ்சு மேல் ஏறி ஆடியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த மூன்று இடத்திலும் நான் புள்ளி வைக்கவில்லை.

கப் போன ஆத்திரம்தான். வேறு ஒன்றும் இல்லை. அதற்கு ஒரு காரணம் தேடினேன், டிக்‌ஷனரி முதுகு கிடைத்தது.

இதெல்லாம் அதிர்ஷ்டம் என்றால் புகழ் மண்டபமே எதற்கு என்று பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்டான். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனால் அப்பா 19 என்பது நோட்டில் இருக்கிறது. அது நடந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒருத்தர் அதை தினமும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். டெண்டுல்கருக்கு எங்கள் 372 பற்றித் தெரியவே தெரியாது. எங்கள் லீக்கின் 66 பேரில் தன் ஸ்கோரைத் தானே விசாரித்த வீரர் அவர் ஒருவர்தான். (பாட்டியும் விசாரிப்பார் என்று படப்பைக்காரி சொல்கிறாள். அவளுக்கு ஆதாரம் இல்லை.)

1936இல் கூப்பர்ஸ்டவுனுக்கு முதல் ஓட்டெடுப்பு நடந்தபோது, பேப் ரூத்துக்கே 226 பேரில் 11 பேர் ஓட்டுப் போடவில்லையாம். அவர்களுக்கெல்லாம் என்ன காரணம் இருந்ததோ! யாராவது ஒருத்தர் அவரிடம் தோற்ற ஊர்க்காரராக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நான்கு புள்ளிகளையும் ரப்பரால் அழித்துவிட்டேன். தாள் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். விதிப்படி அப்பாவின் பெயர் 2026 ஜூலையில் மறுபடி ஓட்டுக்கு வரும். பின்னட்டையில் மூன்று பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

தமிழ் ஐயா இந்தத் தாளை ஒட்டியதும் போட்டோ எடுத்து மாத்தூர்க்காரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன். கேணி அழைப்பு இன்னும் இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று அவன்தான் சொல்ல வேண்டும். அந்த இன்னொரு ஆள் இந்தச் சுவருக்கு முன்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நீயும் என்னோடு வா. எனக்கு நீச்சல் தெரியாது.

— 11ஆம் வகுப்பு மாணவன், லீக் ஸ்கோரர்